ஸ்வென் ரிடெல்: ஸ்லாட்டனுக்கு முன்பு 82 வருடம் நின்ற பெயர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நண்பர்கள் சேர்ந்து நடத்தும் விளையாட்டு வினாடி வினாவுக்குக் கேள்வி தயாரிப்பது என் வேலை. ஒருமுறை, "ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச் ஸ்வீடன் கால்பந்து அணியில் முறியடித்தது யாருடைய கோல் சாதனையை?" என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அது பரவாயில்லை. விடை ஸ்வென் ரிடெல் என்று சொன்ன பிறகு கிளம்பிய சந்தேகங்கள்தான் ஓயவே இல்லை. அன்று கேட்டவர்கள் தவிர, அவர்கள் சொல்லிக் கேள்விப்பட்டவர்களும் வந்து அதையே கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு இங்கே எழுதி வைக்கிறேன்.

யாருங்க இந்த ஸ்வென் ரிடெல்? பேரே கேள்விப்பட்டதில்லையே?

1905 ஜனவரி 14 அன்று ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் பிறந்த முன்வரிசை ஆட்டக்காரர். 1923 முதல் 1932 வரை ஸ்வீடன் தேசிய அணிக்காக 43 ஆட்டங்கள் ஆடி 49 கோல் அடித்தார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய அணியில் இருந்தார். 1975இல் காலமானார்.

கேள்விப்படாததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உலகக் கோப்பை என்ற ஒன்றில் கால் வைக்காதவர், வெளிநாட்டுப் பெரிய கிளப் எதிலும் பெயர் வாங்காதவர். தொலைக்காட்சி வருவதற்கு முன்பே ஆடி முடித்துவிட்டார். ஸ்லாட்டன் அந்த 49ஐ நெருங்கிய பிறகுதான் உலகப் பத்திரிகைகள் இவர் பெயரைத் தூசு தட்டி எடுத்தன.

ரைடெல்லா, ரிடெல்லா, ருடெல்லா? எப்படித்தான் சொல்வது?

ஆங்கிலப் பழக்கத்தில் 'ரைடெல்' என்பார்கள். ஸ்வீடிஷ்காரர் காதில் அது வேறு ஆள் பெயர். 'உ' சொல்வதற்குக் குவிப்பது போல உதட்டைக் குவித்துக்கொண்டு 'இ' என்று சொல்லிப் பாருங்கள், அதுதான் அந்த முதல் உயிரொலி. அழுத்தம் பின்பாதியில், 'டெல்' மேல் விழும். தமிழ் எழுத்தில் அந்த ஒலி இல்லாததால் 'ரிடெல்' என்று வைத்துக்கொண்டேன். அவருடைய கிளப்பின் பெயரை 'எர்க்ரிட்டே' என்று எழுதுவதும் இதே கணக்கில்தான்.

எந்த கிளப்புக்கு ஆடினார்?

முக்கியமாக எர்க்ரிட்டே. பிற்பாடு, அதே ஊரின் ரெட்பெரிஸ்லிட் கிளப். இந்த இரண்டாவது பெயரை இன்று தேடினால் கைப்பந்து, அதாவது ஹேண்ட்பால் செய்திகளாக வந்து விழும். அந்த விளையாட்டில் அவர்கள் ஸ்வீடனின் பெரிய புள்ளி. தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று நினைக்க வேண்டாம், கிளப் அதேதான்.

எர்க்ரிட்டே சாதாரண கிளப் அல்ல. 1887இல் தொடங்கியது. 1892 மே மாதம் கோதன்பர்க்கின் ஹேடன் மைதானத்தில் ஸ்வீடனின் முதல் கால்பந்து ஆட்டம் நடந்தபோது ஜெயித்த அணி அதுதான், 1-0. அன்றைய அணியில் பாதி பேர், அந்த ஊர் நெசவாலையில் வேலைக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர்கள். துறைமுக ஊர் என்பதால் கப்பலில் சரக்கோடு பந்தும் வந்து இறங்கியது. ரிடெல் வளர்ந்த காலத்தில் கோதன்பர்க்கில் எர்க்ரிட்டே, ஐ.எஃப்.கே. கோதன்பர்க், கய்ஸ் என்று மூன்று பெரிய கிளப்புகள். ஸ்வீடன் கால்பந்தின் தலைநகரம் அப்போது ஸ்டாக்ஹோம் இல்லை, இந்த ஊர்தான் என்று நான் துணிந்து சொல்வேன்.

43 ஆட்டத்தில் 49 கோலா? அச்சுப்பிழை இல்லையே?

இல்லை. ஆட்டத்துக்கு ஒன்றுக்கும் மேல், 1.14 கணக்கு வருகிறது.

இதைவிட வியப்பு, 43 ஆட்டங்கள் பத்து வருடத்தில் பரவிக் கிடப்பதுதான். வருடத்துக்கு நாலு அல்லது ஐந்து. இன்று ஒரு தேசிய அணி வருடத்துக்குப் பத்து ஆட்டம் சாதாரணமாக ஆடுகிறது. ரிடெல்லுக்கு ஒரு ஆட்டம் சரியாக அமையவில்லை என்றால் அடுத்த வாய்ப்புக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்து ஆடியும் இந்தக் கணக்கு.

பாரிஸ் ஒலிம்பிக்கில் என்ன செய்தார்?

இதைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன்.

1924 மே 29, கொலம்ப் மைதானம். எதிரே பெல்ஜியம், 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய அணி. ஸ்வீடனுக்குப் பயிற்சியாளர் யோசெஃப் நாட்ஜ் என்ற ஹங்கேரிக்காரர். ரிடெல்லுக்கு வயது 19. எட்டாவது நிமிடத்தில் ருடால்ஃப் கோக் முதல் கோலைப் போட்டார். இருபதாவது நிமிடத்தில் ரிடெல். அரைமணி ஆவதற்குள் கோக் இன்னொன்று, அதற்குப் பின்னாலேயே புரோமெஸ்ஸோன் ஒன்று. இடைவேளை முடிந்து வந்த வேகத்தில் டோரே கெல்லர். பிறகு மறுபடி ரிடெல், கோக், கடைசியில் ரிடெல். நடப்பு சாம்பியன் 8-1 என்று தோற்று வீட்டுக்குப் போனது. கோக்குக்கு மூன்று, ரிடெல்லுக்கு மூன்று. தங்கம் வைத்திருந்தவர்களுக்கு எதிராக ஒரே அணியில் இரண்டு ஹாட்ரிக்!

அடுத்து எகிப்து. ஹங்கேரியை 3-0 என்று கவிழ்த்துவிட்டு வந்தவர்கள். ஸ்வீடன் 5-0, ரிடெல் ஒன்று. அரையிறுதியில் சுவிட்சர்லாந்து, கோக் ஒரு கோல் அடித்தார், அபெக்லென் இரண்டு அடித்துவிட்டார், 1-2 தோல்வி. (அந்த சுவிஸ் அணி பத்து நாள் செல்லும் ரயில் டிக்கெட்டோடு வந்து, இவ்வளவு தூரம் போவோம் என்று நினைக்காததால் காசு தீர்ந்து, ஒரு பத்திரிகை வாசகர்களிடம் நிதி திரட்டி அனுப்பியது என்பார்கள். இறுதியாட்டத்தில் உருகுவேயிடம் தோற்றார்கள்.) வெண்கலத்துக்கான ஆட்டம் நெதர்லாந்துடன் 1-1. பெனால்டி ஷூட்அவுட் எல்லாம் வர இன்னும் அரை நூற்றாண்டு இருக்கிறதே? மறுநாளே திரும்ப ஆடச் சொன்னார்கள். அதில் 3-1, ரிடெல் இரண்டு. மொத்தம் ஆறு கோல்.

வெறும் வெண்கலம்தானே, அதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?

எதிரி யார் என்று பாருங்கள். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஸ்வீடன் 0-2 என்று நெதர்லாந்திடம் தோற்றது. 1912இல் சொந்த ஊர் ஸ்டாக்ஹோமில், சொந்த ரசிகர்கள் முன்னால், கூடுதல் நேரம் வரை இழுத்து 3-4. எதிரணி? நெதர்லாந்து. 1920 ஆண்ட்வெர்ப்பில் கிரீஸை 9-0 என்று துவைத்துவிட்டு அடுத்த சுற்றுக்கு வந்தால் மறுபடி நெதர்லாந்து, மறுபடி கூடுதல் நேரம், 4-5. அந்தப் போட்டியில் அதிக கோல் அடித்த ஹெர்பெர்ட் கார்ல்ஸோன் ஸ்வீடன்காரர். ஏழு கோல் அடித்தும் கையில் ஒரு பதக்கம் இல்லை.

மூன்று ஒலிம்பிக்கில் ஒரே அணியிடம் மூன்று அடி. நாலாவது முறை முதல் நாளும் முடியாமல் இழுபறி. அந்த நிலையில் மறுநாள் காலையில் எழுந்து போய் இரண்டு கோல் அடித்தது ஒரு 19 வயதுப் பையன். ஸ்வீடன் கால்பந்துக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம். இதற்கு ஆர்ப்பாட்டம் செய்யாமல் வேறு எதற்குச் செய்வது?

ஒலிம்பிக் கோலை எல்லாம் தேசிய அணிக் கணக்கில் சேர்க்கலாமா? நெய்மார் ஒலிம்பிக்கில் அடித்தது சேராதே?

நல்ல கேள்வி, குழப்பமும் நியாயமானது. 1992 முதல் ஆண்கள் ஒலிம்பிக் கால்பந்து 23 வயதுக்கு உட்பட்டோர் போட்டி, மூத்த வீரர்கள் சிலருக்கு மட்டும் விலக்கு. அதனால் இப்போதைய ஒலிம்பிக் கோல்கள் மூத்தோர் தேசிய அணிக் கணக்கில் வராது. 1924இல் அந்த வயது வரம்பு கிடையாது. உலகக் கோப்பையும் பிறக்கவில்லை. நாடுகள் மோதிக்கொள்ளும் ஆகப் பெரிய மேடை ஒலிம்பிக்தான். அப்போது போனது ஸ்வீடனின் முழு தேசிய அணி. எனவே அந்த ஆறும் 49க்குள் அடக்கம். தனியாகக் கூட்டி 55 என்று எழுதிவிடாதீர்கள். ஒருவர் எழுதிக் காட்டினார், அதனால் சொல்கிறேன்.

உலகக் கோப்பையே ஆடவில்லையா? 1930இல் வயது 25 தானே?

சரியான வயது, சரியான ஃபார்ம், தப்பான நாடு. 1930 உலகக் கோப்பையைத் தானே நடத்த வேண்டும் என்று ஸ்வீடனும் கேட்டிருந்தது. உருகுவேக்குப் போய்விட்டது. அங்கே போய்ச் சேர கப்பலில் இரண்டு வாரம். போக, ஆட, திரும்ப என்று கணக்குப் போட்டால் இரண்டு மாதம். வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கும் வீரர்களுக்கு அவ்வளவு லீவு யார் கொடுப்பார்கள்? ஐரோப்பாவிலிருந்து மொத்தமே நாலு நாடுகள்தான் போயின: பிரான்ஸ், பெல்ஜியம், ருமேனியா, யுகோஸ்லாவியா.

ஒலிம்பிக் பக்கம் பார்த்தாலும் கதவு மூடியேதான் இருந்தது. 1928 ஆம்ஸ்டர்டாம் கால்பந்துக்கு ஸ்வீடன் போகவில்லை. 1932 லாஸ் ஏஞ்சலஸில் கால்பந்தே இல்லை. 1934 உலகக் கோப்பைக்கு ஸ்வீடன் இத்தாலி போனபோது ரிடெல்லின் சர்வதேச ஆட்டம் முடிந்து இரண்டு வருடம். ஆக அவர் ஆடிய ஒரே உலகளாவிய போட்டி, 19 வயதில் பாரிஸில் ஆடியதுதான்.

பாரிஸில் அவரோடு பெல்ஜியத்துக்குக் கோல் போட்ட டோரே கெல்லர் 1905 ஜனவரி 4 அன்று பிறந்தவர், ரிடெல்லைவிடப் பத்தே நாள் மூத்தவர். அவர் 1938 உலகக் கோப்பை வரை ஆடினார். ரிடெல் 27 வயதில் தேசிய அணியை விட்டு இறங்கிவிட்டார். ஒரே வயது, ஒரே அணியில் தொடக்கம், ஒருவருக்கு மட்டும் நீண்ட ஆட்டம்.

லீக்கில் முதலிடம் வந்தும் ஸ்வீடிஷ் சாம்பியன் இல்லை என்று எங்கேயோ படித்தேன். அதெப்படி?

படித்தது சரிதான். நாடு முழுவதற்குமான லீக்கான ஆல்ஸ்வென்ஸ்கன் 1924/25இல் தொடங்கியது. பன்னிரண்டு அணிகள், ஆளுக்கு 22 ஆட்டம், இலையுதிர் காலத்தில் தொடங்கி வசந்தத்தில் முடியும். எர்க்ரிட்டே 1925/26லும் 1927/28லும் முதலிடம். ஆனால் 'ஸ்வீடிஷ் சாம்பியன்' என்ற அதிகாரப்பூர்வப் பட்டத்தை ஆல்ஸ்வென்ஸ்கனில் ஜெயித்தவருக்குக் கொடுக்கத் தொடங்கியது 1930/31இலிருந்துதான். அதற்கு முந்தைய ஆறு பருவங்களில் லீக் வென்றவர்கள் லீக் வென்றவர்கள் மட்டுமே. பட்டியல்கள் ஒன்றுக்கொன்று இடிப்பதற்குக் காரணம் இதுதான்.

தேசிய அணியிலும் ஏறக்குறைய இதே ராசி. நார்டிக் சாம்பியன்ஷிப் என்று அண்டை நாடுகளுக்குள் சில வருடங்கள் இழுத்து நடத்தும் தொடர் ஒன்று இருந்தது. 1924 முதல் 1928 வரை நடந்ததை டென்மார்க்கும், 1929 முதல் 1932 வரை நடந்ததை நார்வேயும் எடுத்துக்கொண்டன. ரிடெல் ஓய்வுபெற்ற பிறகு நடந்த அடுத்த தொடரை ஸ்வீடன் ஜெயித்தது. சிலருக்கு ஜாதகம் அப்படி.

எவ்வளவு சம்பளம் வாங்கினார்?

கால்பந்து ஆடுவதற்கு? சுழியம். அன்று ஸ்வீடனில் ஆட்டத்துக்குக் காசு வாங்குவது விதிமீறல். சும்மா பேச்சுக்கு வைத்த விதி என்று எண்ண வேண்டாம்: 1933/34 பருவத்தில் மால்மோ எஃப்.எஃப். தன் வீரர்களுக்குப் பணம் கொடுத்தது என்று வெளிப்பட்டு, பருவத்தின் நடுவிலேயே ஆல்ஸ்வென்ஸ்கனிலிருந்து தூக்கி எறியப்பட்டது. போட்டுக்கொடுத்தது அதே ஊரின் இன்னொரு கிளப். இந்த அமெச்சூர் விதியை ஸ்வீடன் கைவிட்டது 1967இல்தான்.

இந்த விதி ரிடெல்லின் சாதனையோடு எப்படிச் சம்பந்தப்படுகிறது என்பது சற்றுக் கீழே, "82 வருடம்" கேள்வியில் வரும். அங்கேதான் இதன் சுவாரசியம்.

1931இல் ஏதோ தங்கப் பதக்கம் வாங்கினாராமே? அந்த வருடம் ஒலிம்பிக்கே இல்லையே?

அது ஒலிம்பிக் தங்கம் அல்ல. 'ஸ்வென்ஸ்கா டாக்பிளாடெட்' என்ற ஸ்டாக்ஹோம் நாளிதழ், அந்த வருடம் ஸ்வீடன் விளையாட்டில் நிகழ்ந்த ஆகச் சிறந்த சாதனைக்கு 1925 முதல் கொடுத்துவரும் தங்கப் பதக்கம். முதல் பதக்கம் தடை ஓட்டக்காரர் ஸ்டென் பெட்டர்ஸோனுக்கு, அடுத்தது நீச்சல்காரர் ஆர்னே போரிக்கு. கால்பந்துக்காரர் ஒருவருக்கு அது கிடைத்தது 1931இல், ரிடெல்லுக்குத்தான் முதலில். தனி ஆளாக ஓடி, நீந்தி, சறுக்கி ஜெயிப்பவர்களுக்கு இடையில், பதினோரு பேரில் ஒருவராக ஆடுகிறவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால் அவர் எப்படித் தனித்துத் தெரிந்திருப்பார் என்று யோசியுங்கள்.

அதே காலத்தில் 'ஸ்வார்டே பிலிப்' என்று ஒருவர் இருந்தாரே, அவர்தான் பெரிய ஆள் என்கிறார்களே?

பிலிப் யோஹான்ஸோன். கறுத்த முடி என்பதால் 'கறுப்பு பிலிப்'. எதிர் வீட்டுக்காரர், அதாவது ஐ.எஃப்.கே. கோதன்பர்க். ஆல்ஸ்வென்ஸ்கனின் முதல் பருவத்திலேயே 22 ஆட்ட லீக்கில் 39 கோல் அடித்தார். ஒரே பருவத்தில் அதைத் தாண்டியவர் இன்றுவரை இல்லை. இவ்வளவு அடித்தும் அந்த முறை லீக்கை எடுத்துக்கொண்டு போனது கய்ஸ்.

ஆனால் தேசிய அணியில் அவர் கணக்கு 16 ஆட்டம், 14 கோல். ரிடெல்லின் கிளப்பிலேயே கார்ல்-எரிக் ஹோல்ம்பெரி ஆல்ஸ்வென்ஸ்கனில் 190க்கும் மேல் கோல் அடித்தவர். லீக் கோலில் இவர்கள் பெரிய ஆட்கள், தேசிய அணியின் நீல-மஞ்சள் சட்டையில் ரிடெல் பெரிய ஆள். பிலிப்பையும் ரிடெல்லையும் ஒரே தராசில் வைத்து நிறுக்கச் சொன்னால் நான் பாரிஸை நினைத்துக்கொண்டு ரிடெல் பக்கம் சாய்வேன். என் சாய்வு அது, தீர்ப்பு அல்ல.

சின்னச் சின்ன நாடுகளை அடித்துச் சேர்த்த கோல்தானே இதெல்லாம்?

கொஞ்சம் உண்மை இருக்கிறது, மறைக்க வேண்டாம். அன்றைய பயண வசதிக்கு ஸ்வீடன் திரும்பத் திரும்ப மோதியது டென்மார்க், நார்வே, பின்லாந்து, எஸ்டோனியா, லாட்வியா போன்ற அக்கம்பக்கத்து நாடுகளோடுதான். 1927இல் லாட்வியாவை 12-0 என்று ஸ்வீடன் வென்றது இன்றும் அந்த அணியின் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்று. அப்படிப்பட்ட காலத்தில் ஆடியவர் இவர்.

ஆனால் 'அக்கம்பக்கம்' என்றால் சப்பை என்று பொருளல்ல. டென்மார்க் 1908, 1912 ஒலிம்பிக் இரண்டிலும் வெள்ளி வாங்கிய அணி. பெல்ஜியம் கதையை மேலே பார்த்தோம். இந்தக் கேள்வியை ஸ்லாட்டனிடமும் கேட்கலாம்: 2004இல் மால்டாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நாலு, 2012இல் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நாலு. பட்டியலில் இரண்டும் நாலு என்றுதான் இருக்கும். எல்லாக் காலத்துக் கோல்காரர் கணக்கிலும் மால்டாவும் இருக்கும், இங்கிலாந்தும் இருக்கும்.

அப்போது கோல் அடிப்பது சுலபம், அதனால்தான் இந்த எண்ணிக்கை என்கிறாரே என் மாமா?

உங்கள் மாமா பாதி சரி. அன்று அணிகள் ஆடியது 2-3-5 அமைப்பில், முன்னால் ஐந்து பேர். பின்னால் நிற்பவர் இரண்டே பேர். கோல்கள் நிறையத்தான் விழுந்தன. அப்புறம் 1925இல் ஆஃப்சைடு விதி மாறியது. அதுவரை பந்து வாங்குகிறவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும். 1925 முதல் இரண்டு பேர் போதும். இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் இதன் விளைவு உடனே தெரிந்தது: 1924/25இல் மொத்தம் 1,192 கோல், அடுத்த பருவத்தில் 1,703.

மாமா மறந்தது இதை: ரிடெல்லின் பாரிஸ் கோல் ஆறும் 1924இல், பழைய மூன்று பேர் விதியில் அடித்தவை. பிலிப்பின் 39ம் அப்படித்தான். அதோடு, பந்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தோல் துண்டுகளைத் தைத்து, உள்ளே ரப்பர் பை வைத்துக் காற்றடித்து, வாயை வார் போட்டுக் கட்டிய பந்து. மழை பெய்தால் தோல் தண்ணீர் குடித்துக் கனக்கும். அந்த வார் முடிச்சு இருக்கும் பக்கம் நெற்றியில் பட்டால் தழும்பு நிச்சயம். கணுக்கால் வரை ஏறும் கனத்த பூட்ஸ். அடிபட்டாலும் மாற்று ஆள் அநேகமாகக் கிடையாது, நொண்டிக்கொண்டாவது மைதானத்தில் நிற்க வேண்டும். இதற்குப் பெயர் சுலபமா?

சரி, ஒரு சாதனை 1932 முதல் 2014 வரை 82 வருடம் எப்படித் தாங்கும்? இடையில் நல்ல ஆட்டக்காரரே இல்லையா?

இருந்தார். குன்னார் நூர்டால். 33 ஆட்டத்தில் 43 கோல், விகிதம் ரிடெல்லையே மிஞ்சும். 1948 லண்டனில் ஸ்வீடன் தங்கம் வென்ற அணியின் தூண். (அந்த அணியைத் தேர்வு செய்தவர்களில் முக்கியமானவர் யார் தெரியுமா? பாரிஸில் ரிடெல்லோடு ஹாட்ரிக் அடித்த அதே கோக்.) இன்னும் ஏழு கோல் அடித்தால் சாதனை அவருடையது. அவர் ஆடிய வேகத்தில் ஐந்தாறு ஆட்டம் போதும்.

ஆனால் 1949 ஜனவரியில் ஏ.சி. மிலன் கூப்பிட்டது, போனார். இப்போது மேலே சொன்ன அமெச்சூர் விதியைக் கொண்டு வாருங்கள். காசு வாங்கி ஆடுகிறவருக்குத் தேசிய அணியில் இடமில்லை. இத்தாலி லீக்கில் ஐந்து முறை அதிக கோல் அடித்தவராக நூர்டால் ஜொலித்த வருடங்களில் ஸ்வீடன் அவரை அழைக்கவே இல்லை. 1958இல், சொந்த நாட்டு உலகக் கோப்பைக்காகத் தொழில்முறை வீரர்களை மறுபடி சேர்த்துக்கொண்டபோது அவருக்குக் காலம் கடந்திருந்தது. சம்பளமே வாங்காத ரிடெல்லின் சாதனையைக் காப்பாற்றிக் கொடுத்தது, சம்பளம் வாங்கக் கூடாது என்ற அந்த விதிதான்.

அதற்குப் பிறகு தற்காப்பு இறுகியது, கோல்கள் குறைந்தன. ஹென்ரிக் லார்ஸோன் 106 ஆட்டம் ஆடி 37இல் நின்றார். ஸ்வீடனில் மட்டும்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். டென்மார்க்கில் 1910 முதல் 1925 வரை ஆடிய பவுல் நீல்ஸன் 38 ஆட்டத்தில் 52 அடித்தார். யோன் டால் டோமாஸோன் 2010இல் அந்த எண்ணைத் தொட்டார், தாண்டவில்லை. நார்வேயில் யோர்கன் யூவேயின் 33ஐ 2024இல் எர்லிங் ஹாலண்ட் வந்துதான் தாண்ட முடிந்தது.

2014இல் சாதனை எப்படி உடைந்தது? ரிடெல் அப்போது உயிரோடு இருந்தாரா?

இல்லை, அவர் போய் 39 வருடம் ஆகியிருந்தது. 2014 செப்டம்பர் 4, சோல்னாவின் ஃபிரெண்ட்ஸ் அரங்கில் எஸ்டோனியாவுடன் நட்பு ஆட்டம். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் ஸ்லாட்டன் ஒன்று போட்டார், 49, சமன். முதல் பாதி முடிவதற்குள் குதிகாலால் பின்னுக்குத் தட்டி இன்னொன்று, 50. ஸ்வீடன் 2-0.

அவருக்கு அது 99ஆவது ஆட்டம். ரிடெல்லுக்கு 49 அடிக்க 43 ஆட்டம். எதிரணி எஸ்டோனியா என்பதைக் கவனித்தீர்களா? ரிடெல் காலத்தில் ஸ்வீடன் ஓயாமல் மோதிக்கொண்டிருந்த அதே பக்கத்து நாடுகளில் ஒன்று. சாதனை பிறந்த அக்கம்பக்கத்திலேயே அதற்கு முடிவும் வந்தது.

அப்படியானால் ரிடெல்தான் ஸ்லாட்டனைவிடச் சிறந்தவரா?

இந்த இடத்தில் பாதிப் பேர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். இல்லை என்பதே என் பதில். ஸ்லாட்டன் 122 ஆட்டத்தில் 62 கோலோடு முடித்தார். இரண்டில் ஒன்று என்ற கணக்கு இன்றைய தற்காப்புகளுக்கு எதிராகப் பிரமாதமானது. 2001 முதல் 2023 வரை தேசிய அணிச் சட்டை போட்டதும் சாதாரணம் அல்ல. மேலே சொன்ன காரணங்களால் 1.14ஐயும் 0.51ஐயும் அருகருகே எழுதி அம்புக்குறி போடுவதில் அர்த்தமில்லை. அந்தக் கால ஆட்டக்காரர் ஒருவர் தன் காலத்தில் தன் சகாக்களைவிட எவ்வளவு தூரம் முன்னால் இருந்தார் என்று வேண்டுமானால் பார்க்கலாம். அந்தக் கணக்கில் ரிடெல் எந்தத் தலைமுறையோடும் உட்காரத் தகுந்தவர்.

ஆக ஸ்வீடனுக்காக அதிக கோல் அடித்தவர் ஸ்லாட்டன். இதை வினாடி வினாவில் எழுதலாம்தானே?

எழுதினால் மதிப்பெண் தரமாட்டேன். லோட்டா ஷெலின் ஸ்வீடன் பெண்கள் அணிக்காக 185 ஆட்டங்களில் 88 கோல் அடித்திருக்கிறார். 'ஆண்கள் அணியில்' என்ற இரண்டு சொல்லைச் சேர்த்தால்தான் ஸ்லாட்டன் பெயர் சரியான விடை. ரிடெல்லின் 82 வருடத்துக்கும் அதே அடைமொழி தேவை. முதன்முதலில் நான் தயாரித்த கேள்வியில் அது இல்லை, மாற்றி எழுதிவிட்டேன்.